சி-7 யாருடைய ரத்தம்

ஜூன் 5, திங்கள்
எடை 48.6. வெறும் வயிற்றுச் சர்க்கரை 68.

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக மேல் வரியில் எடையையும் சர்க்கரையையும் மட்டும் எழுதிவந்தேன். இன்று முதல் கீழேயும் எழுதுவதாக உத்தேசம். டாக்டர் ரெஹானாவின் ஆய்வு தொடங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் பதிவு வேண்டும், ஞாபகத்தை நம்பக் கூடாது என்று அந்த அம்மாள் இன்று ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தார். திருச்சியில் இந்த மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஒரு குழாயில்கூடப் பெயர் மாறியதில்லை. எனக்கே வகுப்பு.

ஆய்வு இதுதான். சோறு இருந்தும் சாப்பிடாமல் உடம்பைக் காயப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மனநலப் பிரிவில் அதற்கு உணவுக் கோளாறு என்று பெயர். அவர்கள் வாயால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் ரத்தம் ஒப்புக்கொள்ளும் என்கிறார் டாக்டர். பசி எடுத்தால் வயிறு கிரெலின் என்ற ஒன்றை ரத்தத்தில் விடுகிறது. உடம்பில் கொழுப்பு இருந்தால் லெப்டின் என்ற இன்னொன்று மூளைக்குப் போய்ப் போதும் என்று சொல்கிறது. பட்டினி கிடக்கிறவர்களுக்கு முதலாவது ஏறிக் கிடக்கும், இரண்டாவது தரையில் கிடக்கும். இருபது நோயாளிகள், ஒப்பிட்டுப் பார்க்க நலமான இருபது பேர். நோயாளியின் குழாயில் பி, நலமானவர் குழாயில் சி, பக்கத்தில் எண். பெட்டி பெங்களூருக்குப் போகும்.

சோறு கிடைத்தும் தின்னாத பெண்கள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

மதியம் மொட்டை மாடியில் காக்கைக்குச் சோறு வைத்தேன். மனைவி மங்கை எலுமிச்சைச் சாதம் கட்டியிருந்தாள். டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 9, வெள்ளி
எடை 48.4. சர்க்கரை 66.

காலை ஏழரைக்கு பி-7. பெயர் தாரிணி, பதினெட்டு வயது, கல்லூரியில் முதல் வருடம், எடை முப்பத்தாறு. கையில் நரம்பு நூல் மாதிரி ஓடுகிறது.

"அங்கிள், எத்தன தடவ குத்துவீங்க?"

"ஒரே தடவைதான். ஒரு குத்துல அஞ்சு குழாய்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"நான் எல்லாரும் இல்லம்மா."

ஒரே குத்தில் எடுத்தேன். அவள் ஊசியைப் பார்க்கவில்லை, என் ஸ்வெட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசி அதிகம் என்று நானாகவே சொன்னேன்.

வெளியே அவளுடைய அப்பா கதிர்வேல், டைல்ஸ் கடை வைத்திருப்பவர், டாக்டரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "ரத்தத்துல என்னத்த பாக்கப் போறீங்க மேடம்? இது திமிரு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ரெண்டு நாள் கண்டுக்காம விட்டா பசி தானா வரும்."

டாக்டர் ரெஹானா குரலை உயர்த்தவே இல்லை. "திமிருக்கு ரத்தத்துல அளவு கிடையாது சார். பட்டினிக்கு இருக்கு. ரிப்போர்ட் வர மூணு வாரம் ஆகும். வந்ததும் உங்க கையிலயே குடுக்குறேன். அதுவரைக்கும் இவ இங்க வார்டுல இருக்கட்டும். அதுக்கப்புறம் நீங்க முடிவு பண்ணுங்க."

அவர் அரை மனதாகச் சரி என்றார். அந்தப் பெண் அதைக் கேட்டுக்கொண்டே சட்டைக் கையை இறக்கிவிட்டாள்.

அடுத்து சி-7. அது வார்டு கிளார்க் தேவசகாயம். கையெழுத்தெல்லாம் போட்டுவிட்டு, ஊசியைப் பார்த்ததும் வியர்த்துக் கொட்டி, பாத்ரூம் போகிறேன் என்று போனவர் வரவேயில்லை. எட்டரைக்குப் பெட்டியை மூட வேண்டும். பெயர் கொடுத்தவர்களில் அன்று வேறு ஆள் இல்லை. ஐந்து வெற்றுக் குழாய்கள் மேசையில் நிற்கின்றன.

ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு என் இடது கையில் நானே எடுத்தேன். என் நரம்புகள் எடுப்பானவை, பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு என் கையைத்தான் காட்டுவேன். ஐந்து குழாய்களிலும் சி-7 ஒட்டினேன். விதிப்படி இது தவறு, எனக்குத் தெரியும். ஆனால் நலமான ரத்தம் வேண்டும் என்றால் என்னுடையதைவிடச் சுத்தமான ரத்தம் இந்தக் கட்டடத்தில் கிடையாது. நான்கு வருடமாக ஒரு கரண்டிச் சர்க்கரை உள்ளே போனதில்லை.

தேவசகாயத்தைக் கேண்டீனில் பிடித்தேன். பரோட்டா இரண்டாவது செட்டில் இருந்தார். "யாரும் கேட்டா குடுத்தேன்னு சொல்லிடுங்க" என்றேன். "உங்களுக்குக் கோயில் கட்டணும் சார்" என்றார்.

ஜூன் 13, செவ்வாய்
எடை 48.1. சர்க்கரை 67.

பெல்ட்டுக்குப் புது ஓட்டை. பதினெட்டாம் நம்பர் தடி ஊசி தோலில் நன்றாக இறங்குகிறது. மோதிரத்தில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டேன், கை கழுவும்போது சிங்க்கில் விழப் பார்த்தது. காசாளர் பெண் "சாருக்கு வயசே ஏற மாட்டேங்குது" என்றாள். உண்மையைச் சொன்னால் என்ன, இன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

ஜூன் 18, ஞாயிறு
எடை 47.7. சர்க்கரை 64.

அப்பாவின் திதி. மங்கை வடை, பாயசம், ஐந்து கறி என்று விடியற்காலையிலிருந்து நின்றாள். நான் வயிறு சரியில்லை என்று மோர் மட்டும் குடித்தேன். மச்சினர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மங்கை பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்.

அப்பாவுக்கு இனிப்பு என்றால் உயிர். பஸ் நிலையத்தில் அல்வா வாங்கி அங்கேயே நின்று தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். சர்க்கரை நோயில் முதலில் கால் கட்டைவிரல் போயிற்று. அடுத்து பாதம். அடுத்து முழங்காலுக்குக் கீழே. அவருடைய சர்க்கரையை நான்தான் வாராவாரம் எடுப்பேன், எண்ணைக் குறைத்துச் சொல்லும்படி என்னிடமே கெஞ்சுவார். கடைசி மாதம் நான்தான் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எண்பது கிலோ மனிதர் நாற்பத்தாறில் முடிந்தார். தூக்குவதற்குச் சுலபமாக இருந்ததே என்று எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கு முடிவு செய்தது, என் உடம்பை யாரும் துண்டு துண்டாக எடுக்க விடமாட்டேன் என்று.

முதலில் சர்க்கரையை விட்டேன். பிறகு இரவுச் சோறு. அதன் பிறகு எல்லாமே சுலபம்.

ஜூன் 21, புதன்
எடை 47.4. சர்க்கரை 63.

என் மாதாந்தரப் பரிசோதனை. இயந்திரத்தில் கடைசியாக என் குழாயை வைப்பது வழக்கம், யாருக்கும் தொந்தரவில்லை. வெள்ளை அணுக்கள் 3,100. கொஞ்சம் குறைவு. தொற்று இல்லாத உடம்பில் காவலுக்கு எதற்கு அத்தனை பேர். நாடித் துடிப்பு 46. ஓட்டப்பந்தய வீரர்களுக்கு இப்படித்தான் இருக்கும்.

கொலஸ்ட்ரால் மட்டும் 251. இரண்டு முறை ஓட்டினேன், அதே 251. எனக்கா. முட்டை இல்லை, நெய் இல்லை, இறைச்சியை விட்டு மூன்று வருடம். மங்கை தாளிக்கும் எண்ணெய்தான் காரணமாக இருக்க வேண்டும்.

ஜூன் 22, வியாழன்
எடை 47.3. எண்ணெயை நிறுத்தினேன்.

ஜூன் 27, செவ்வாய்
எடை 46.8. சர்க்கரை 61.

மூன்றாம் மாடி வார்டில் தாரிணிக்குப் பொட்டாசியம் பார்க்க ரத்தம் எடுக்கப் போனேன். அங்கே நாளுக்கு மூன்று வேளை எல்லா நோயாளிகளையும் ஒரே மேசையில் உட்காரவைக்கிறார்கள், நர்ஸ் ஒருத்தி கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். யாரும் பாதியில் எழுந்து போகக் கூடாது. தாரிணிக்கு ஒரு கிலோ ஏறியிருக்கிறது. அதைச் சொன்னதற்கு அவள் சந்தோஷப்படவில்லை.

"அங்கிள், உங்க காக்கா ரொம்பக் கொழுத்துருச்சு."

"எந்தக் காக்கா?"

"எதுத்த மொட்டமாடில. இந்த ஜன்னல்ல நல்லாத் தெரியும். எங்க வீட்ல நாய் இருந்துச்சு. அதுவும் அப்படித்தான் கொழுத்துச்சு."

காக்கைக்கு வைப்பது முன்னோர்களுக்கு வைப்பது மாதிரி, புண்ணியம் என்றேன்.

"ஒரு பிடி வச்சா புண்ணியம் அங்கிள். டப்பாவோட கவுத்தா?"

நான் ஊசியை எடுத்துக் குப்பைப் பெட்டியில் போட்டு, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சின்னப் பெண், அதுவும் நோயாளி, அவள் பேச்சைப் பெரிதாக எடுக்கக் கூடாது. இருந்தாலும் மதியம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் வைத்தேன். காக்கைகள் இடத்தைக் கண்டுபிடித்து வரப் பத்து நிமிடம் ஆயிற்று.

ஜூலை 3, திங்கள்
எடை 46.0.

பெங்களூர் முடிவுகள் வந்துவிட்டன. டாக்டர் ரெஹானா என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் தாள்கள் விரித்துக் கிடந்தன. பி வரிசை ஒரு பக்கம் குவிந்திருக்கிறது, சி வரிசை மறு பக்கம். ஒரே ஒரு சி மட்டும் பி கூட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது.

"இந்த சி-7ஐப் பாருங்க, நல்லசிவம் சார். லெப்டின் கிட்டத்தட்ட இல்ல. கிரெலின் உச்சத்துல. தைராய்டு அடங்கிக் கெடக்கு. என் நோயாளிங்கள்லயே ரெண்டு பேரு இவ்வளவு மோசமில்ல." ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். "கொலஸ்ட்ரால்கூட ஏறியிருக்கு, பாருங்க. பட்டினில ஏறும். உடம்பு தன் கொழுப்பையே எடுத்துத் தின்னும்போது கல்லீரலால அதக் கழிக்க முடியாது. எண்ணெயக் கொறச்சா எறங்காது, சாப்பிட்டாத்தான் எறங்கும்."

நான் தாளைப் பார்த்தேன். 246.

"சி-7 தேவசகாயம்னு போட்டிருக்கு. அவரு தெனமும் ரெண்டு செட் பரோட்டா சாப்பிடுறவரு. இது அவரு ரத்தமா இருக்கவே முடியாது. அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

அறை மிகவும் குளிர்ந்தது. இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று உண்மை. அதைச் சொன்னால் அந்தத் தாள் என் பெயருக்கு வந்துவிடும்.

"தப்பு என்னோடது மேடம்" என்றேன். "தேவசகாயம் ரத்தம் உறைஞ்சு போச்சு. அவசரத்துல பி-7 பொண்ணோட ரத்தத்த அதுல ஊத்திட்டேன் போல, எதுல எது போச்சுன்னு எனக்கே நிச்சயமில்ல."

இருபத்திரண்டு வருடத்தில் செய்யாத தவறைச் செய்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டாக்டர் நம்ப முடியாமல் என்னையே பார்த்தார். எனக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நிம்மதியாக இருந்தது.

ஜூலை 4, செவ்வாய்
எடை பார்க்கவில்லை.

நான் யோசிக்காதது ஒன்று. அன்று காலை குழாய்கள் கலந்துவிட்டன என்றால் பி-7ஐயும் நம்ப முடியாது. தாரிணியின் முடிவை டாக்டர் ரத்து செய்துவிட்டார். மறுபடி எடுக்கலாம், ஆனால் மூன்று வாரமாக வேளைக்குச் சாப்பிட்ட உடம்பு அது, எண்கள் மாறியிருக்கும்.

கதிர்வேல் இன்று ரிப்போர்ட் கேட்டு வந்தார். டாக்டர் உள்ளதைச் சொன்னார், பரிசோதனைக் கூடத்தில் தவறு நடந்துவிட்டது என்று. அவர் சிரித்தார். "யாரு ரத்தம்னே தெரியல, இதுல என் பொண்ணுக்கு வியாதின்னு வாரக்கணக்கா படுக்க வச்சிருக்கீங்க. வியாழக்கெழம கூட்டிட்டுப் போறேன்."

நான் கூடத்தில் மைக்ராஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்ததுதான்.

ஜூலை 5, புதன்

எழுத ஒன்றுமில்லை. கொண்டுபோன தயிர்ச் சாதத்தைக் காக்கைக்கு வைத்தேன்.

ஜூலை 6, வியாழன்

போவதற்கு முன் ஒரு முறை ரத்தம் எடுத்துவிடலாம் என்று டாக்டர் கேட்க, கதிர்வேல் அதற்கு மட்டும் ஒப்புக்கொண்டார். பத்து மணிக்குத் தாரிணி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பையெல்லாம் கட்டி வெளியே வைத்திருந்தது. பட்டையைக் கட்டி நரம்பைத் தடவினேன். அகப்படவில்லை. என் விரல் குளிரில் அவள் கை சிலிர்த்தது.

"ஒரே தடவன்னு சொன்னீங்க அங்கிள்."

"ஆமாம்மா."

"வீட்டுக்குப் போனா நான் பழைய மாதிரி ஆயிருவேன். எனக்கே தெரியுது." அவள் அழவில்லை, யாரோ வேறு ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினாள். "அப்பா எதையும் நம்ப மாட்டாரு. ரிப்போர்ட்னா நம்புவாரு, கடைல டைல்ஸுக்கே சர்ட்டிபிகேட் கேப்பாரு. அந்த ரத்தம் ஒண்ணுதான் நான் நடிக்கலன்னு சொல்லும்னு நெனச்சேன். அது என்னோடது இல்லயா அங்கிள்?"

எடுத்த ஊசியைத் திரும்பத் தட்டில் வைத்தேன். எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது, எண்ணைக் குறைத்துச் சொல்லடா என்று அவர் கெஞ்சியது. அவருக்கு நான் ஒரு நாளும் குறைத்துச் சொன்னதில்லை. எனக்கு நானே நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பட்டையை அவிழ்த்தேன். "உன்னோடதுதாம்மா" என்றேன்.

டாக்டர் அறையில் கதிர்வேலும் இருந்தார். அவர் எதிரிலேயே சொன்னேன். "குழாய் எதுவும் மாறல மேடம். பி-7 இவரு பொண்ணு ரத்தம், சந்தேகமே வேண்டாம். தேவசகாயம் குடுக்கவே இல்ல. சி-7 என்னோடது."

டாக்டருக்குக் கோபம் வந்தது. வர வேண்டியதுதான். வேறு ஒருவர் பெயரில் ரத்தம் வைத்தது ஒன்று, பொய்க் கையெழுத்து இரண்டு, நோயாளியின் சிகிச்சையையே கெடுக்கப் பார்த்தது மூன்று. இன்றோடு நான் ஆய்வில் இல்லை, விளக்கக் கடிதம் நிர்வாகத்துக்குப் போகும் என்றார். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். அவர் முகம் மாறியது.

கதிர்வேல் சி-7 தாளையும் பி-7 தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஏறக்குறைய ஒன்று. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார், ஸ்வெட்டர், பெல்ட், மோதிரம் எல்லாவற்றையும்.

"நீங்க எதுக்கு சார் சாப்பிடாம இருக்கீங்க?"

திமிர் என்று சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் ஸ்வெட்டர் கையை இறக்கிவிட்டேன். அவர் வெளியே போய்க் கட்டிவைத்த பையைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கே திரும்பப் போனார்.

ஜூலை 7, வெள்ளி

மங்கையிடம் நேற்று மாலை சொன்னேன். சொல்ல ஆரம்பித்ததுமே "தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"இருவது வருஷமா டப்பாவக் கழுவாம கொண்டாந்து போடுற ஆளு. இப்ப பளபளன்னு கழுவிக் கொண்டாறீங்க." சொல்லிவிட்டு அடுப்பு மேடையைத் துடைக்கப் போனாள். துடைத்துக்கொண்டே அழுதாள். "எவ்வளவு வச்சாலும் எங்க போவுதுன்னு தெரியாமலேயே தெனமும் ஆறு மணிக்கு எந்திரிச்சு கட்டுனேன். கேட்டா அதையும் எடுத்துட்டுப் போக மாட்டீங்கன்னு கேக்கல."

பக்கத்தில் போய் நின்றேன். இன்று இதயப் படம் எடுத்தார்கள், துடிப்பு 41. வேலைக்கு ஒரு மாதம் விடுப்பு. திங்கள் முதல் மூன்றாம் மாடிக்கு மூன்று வேளையும் வர வேண்டும், இல்லாவிட்டால் படுக்கையில் போடுவேன் என்றார் டாக்டர் ரெஹானா. எடை பார்க்கும் இயந்திரத்தின் பக்கம் போகக் கூடாதாம். இந்த டைரியின் மேல் வரியை எதைக் கொண்டு நிரப்புவது என்று தெரியவில்லை.

ஜூலை 10, திங்கள்

மதியச் சாப்பாட்டு மேசையில் ஆறு பெண்கள், நர்ஸ், நான். நாற்பத்தேழு வயதில் அந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது. தேவசகாயம் கதவு வரை வந்து எட்டிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

தட்டில் சோறு, பருப்பு, கோஸ் பொரியல், அரைக் கரண்டி நெய். எனக்குப் பயமாக இருந்தது. இதை எழுதும்போதும் பயமாகவே இருக்கிறது. நெய் சோற்றில் இறங்குவதைப் பார்த்தபோது அப்பாவின் கால்தான் கண்ணில் தெரிந்தது. எதிரில் தாரிணி. அவள் தன் தட்டைப் பார்க்கவில்லை, என் தட்டைப் பார்த்தாள்.

"மொத வாய்தான் கஷ்டம்னு சொல்லுவாங்க அங்கிள். பொய். எல்லா வாயும் கஷ்டம்."

"சரிம்மா."

"நீங்க ஒண்ணு சாப்பிட்டா நான் ஒண்ணு."

அப்படியே செய்தோம். பதினோரு வாய், ஐம்பது நிமிடம். ஏழாவது வாயில் எழுந்து ஓடிவிடப் பார்த்தேன், அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள், உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றரை மணிக்கு ஜன்னலுக்கு வெளியே எதிர் மொட்டை மாடியில் காக்கைகள் வந்து கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தன. தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கமும் ஒன்று போய்ப் பார்த்துவிட்டு வந்தது. நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவை அங்கேயே இருந்தன.